மதுரைக்குப் போகாத படங்கள்

நான் பயந்த சுபாவம் உள்ளவள். இடி இடித்தால் இன்றைக்கும் ஃப்ரிட்ஜ் ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் உட்காருவேன். பஸ்ஸில் முன் சீட் காலியாக இருந்தாலும் பின்னால் போய் நிற்பேன்; எதிரே வருகிற லாரியைப் பார்த்துக்கொண்டே வர என்னால் முடியாது. அப்படிப்பட்ட என்னிடம் ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒப்படைத்திருந்தார்கள்.

அறந்தாங்கியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அது. பில் போடும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் என்பதால் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு லேப் கம்ப்யூட்டர், மருந்துக்கடை கம்ப்யூட்டர் என்று ஒவ்வொன்றாக என் தலையில் வந்து விழுந்தது. கொஞ்ச நாளில் எல்லாருக்கும் நான் 'சிஸ்டம் மேடம்' ஆகிவிட்டேன்.

மாடிப்படிக்கு அடியில், பெட்ஷீட் அடுக்கி வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இரும்பு ரேக் இருந்தது. அதில்தான் ஃபயர்வால். வெளியிலிருந்து வரும் நெட் அந்தப் பெட்டிக்குள் நுழைந்து, வேண்டாததெல்லாம் தடுக்கப்பட்டு, அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குள் வரும். திருச்சியிலிருந்து வந்து அதை மாட்டிய இன்ஜினியர் தம்பி போகும்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "இதுல மட்டும் கைய வச்சிராதீங்கக்கா. எதுன்னாலும் எனக்கு ஒரு போன் அடிங்க." அந்தச் சொல்லை நான் ரொம்பச் சந்தோஷமாகக் காப்பாற்றி வந்தேன். ரேக் பக்கம் தூசி தட்டக்கூடப் போனதில்லை.

ஸ்கேன் எடுக்க எங்களிடம் மெஷின் உண்டு, டெக்னீஷியன் உண்டு. படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் மட்டும் மதுரையில் இருந்தார். எங்கள் ஃபயர்வாலிலிருந்து அங்கே இருந்த ஃபயர்வாலுக்குத் தனியாக ஒரு பாதை போட்டிருந்தார்கள், நடுவில் யாரும் எட்டிப் பார்க்க முடியாதபடி. எங்கள் நோயாளிகளின் தலையும் நெஞ்சும் வயிறும் அந்த வழியாகத்தான் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தன.

மழைக்காலத்தில் நெட் அடிக்கடி போகிறது என்று ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டர் வேறொரு கம்பெனியிலிருந்து இரண்டாவதாக ஒரு பிராட்பேண்ட் எடுத்தார். அவர்கள் ஆள் வந்து ரேக்குக்கு மேலே சுவரில் ரவுட்டரை அடித்துவிட்டுப் போனான். அதை ஃபயர்வாலில் சேர்த்துவிட்டால், ஒரு லைன் அறுந்தாலும் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ளும். அடுத்த வாரம் இந்தப் பக்கம் வரும்போது சேர்த்துவிடுவதாகத் திருச்சித் தம்பி சொல்லியிருந்தான். அதுவரை அந்த ரவுட்டர் சும்மா பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு சுவரில் தொங்கியது.

அந்த அடுத்த வாரம் வருவதற்குள்தான் எல்லாம் நடந்தது.

கார்த்திகை மாத அடைமழை. காலை ஓ.பி. நேரம். கரண்ட் இல்லை, ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தோம். ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று கொஞ்ச தூரத்தில் ஜே.சி.பி. தோண்டிக்கொண்டிருந்தது. என் திரையில் நெட் போனதற்கான மஞ்சள் முக்கோணம் வந்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கேபிளை வெட்டிவிட்டார்கள், சாயங்காலம் ஒட்டுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பில் போடுவதற்கு நெட் வேண்டாம்.

அப்போதுதான் கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு வேனில் அந்த மனிதரைக் கொண்டுவந்தார்கள். படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவர். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கு டம்ளர் கையிலிருந்து நழுவி, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. வலது கையும் காலும் வரவில்லை. கூட அவருடைய மகள். பர்தாவின் கீழ்ப்பாதி மழையில் நனைந்து, காலில் செருப்பில்லாமல் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தாள். "அத்தா, அத்தா" என்று அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து கூப்பிட்டாள். அவர் கண் அவளைப் பார்த்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது பேச்சாக இல்லை.

பெரிய டாக்டர் வெளியூர் போயிருந்தார். டியூட்டி டாக்டர் மட்டும்தான். சின்ன வயதுப் பெண், எங்களிடம் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. உடனே தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்தும் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் டெக்னீஷியன் அண்ணன் என் கவுண்டருக்கு ஓடிவந்தார்.

"மேடம், மதுரைக்குப் படம் போகல."

"லைன் அறுந்துருச்சுண்ணே. சாயங்காலம்தான் வரும்."

"சாயங்காலமா? அங்கிட்டு ஸ்ட்ரோக் கேஸ் படுத்திருக்கு மேடம்."

நான் எழுந்து போனேன். டியூட்டி டாக்டர் ஸ்கேன் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருந்தால் அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. ஆனால் அடைப்பாக இல்லாமல் உள்ளே ரத்தம் கசிந்திருந்தால், அதே ஊசி ஆளையே கொன்றுவிடும். படத்தில் ஓரிடத்தில் அவருக்குச் சந்தேகம். மதுரை டாக்டர் பார்த்துச் சொல்லாமல் போட முடியாது.

திரையைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். டவரிலும் கரண்ட் இல்லையோ என்னவோ, வட்டம் சுற்றிச் சுற்றி ஒன்றிரண்டுதான் போய்ச் சேர்ந்தது. மதுரை டாக்டர் போனில் வந்தார். "இந்த போட்டோவ வச்சு என்னால சொல்ல முடியாதும்மா. வெளிச்சம் பட்டு அடிக்குது. எனக்கு ஒரிஜினல் படம் முழுசா வேணும்." போன் நெட்டிலேயே முழுப் படத்தையும் அனுப்பிப் பார்த்தோம். நகரவே இல்லை.

ஆம்புலன்ஸ் ஒரு பிரசவ கேஸை இறக்கிவிட மணமேல்குடி போயிருந்தது. திரும்பி வந்ததும் தஞ்சாவூருக்கு ஏற்றிவிடலாம். ஆனால் அடைப்பாக இருந்தால் அந்த வழித்தூரம் முழுக்க மூளை செத்துக்கொண்டே போகும். டியூட்டி டாக்டர் என்னைப் பார்த்தார். "ரெண்டாவது லைன் ஒண்ணு இருக்குன்னாங்களே, அது என்னாச்சு?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் அதுவரை நின்றுகொண்டிருந்தேன்.

திருச்சித் தம்பிக்குப் போன் அடித்தேன். அவன் வேறு ஒரு கம்பெனியில் வேலையாக இருந்தான். எப்போதும் அங்கிருந்தபடியே எங்கள் பெட்டிக்குள் நுழைந்து சரிசெய்துவிடுவான். லைனே இல்லாததால் அன்று அதுவும் முடியாது. "ஸ்கேன் கம்ப்யூட்டர அந்த ரவுட்டர்ல நேரா சொருகிறலாமா தம்பி?" என்று கேட்டேன். அப்படியாவது ஃபயர்வாலைத் தொடாமல் தப்பிக்கலாம் என்று ஒரு நப்பாசை. "நெட் வரும்க்கா, மதுரை வராது. மதுரைக்குப் போற வழி ஃபயர்வாலுக்குள்ளதான இருக்கு" என்றான். பிறகு, "நான் சொல்லச் சொல்ல நீங்க செய்யுங்க. பயப்படாதீங்க" என்றான்.

பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் அதிகமாகும்.

மாடிப்படிக்கு அடியில் போய்க் குனிந்து உட்கார்ந்தேன். ஒரு கையில் போன், மடியில் லேப்டாப். சுவரில் இருந்த ரவுட்டரிலிருந்து ஒரு ஒயரை எடுத்து ஃபயர்வாலில் காலியாக இருந்த துளையில் செருகச் சொன்னான். முதல் தடவை நுழையவில்லை. இரண்டாம் தடவை 'க்ளிக்' என்றது. லேப்டாப்பில் ஃபயர்வாலின் பக்கத்தைத் திறந்து, அவன் சொன்ன இடங்களில் சொன்னதை மாற்றினேன். "இப்ப சேவ் குடுங்க" என்றான். குடுத்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மருந்துக்கடையிலிருந்து ஒரு குரல்: "சிஸ்டம் மேடம், ஸ்டக் ஆயிருச்சு!" லேப் பக்கமிருந்து இன்னொன்று. என் பில் கவுண்டரில் இருந்த பெண், "மேடம், எனக்கும் போச்சு" என்றாள். அதெல்லாம் போகட்டும். மாடியிலிருந்து ஐ.சி.யூ. நர்ஸ் படியில் பாதி இறங்கிவந்து, "மேடம், ஸ்கிரீன் கறுத்துப்போச்சு" என்றாள்.

ஐ.சி.யூ.வில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்து மானிட்டர்கள் தனியாக ஓடும். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டி, யாருக்காவது நாடி இறங்கினால் கத்துகிற பெரிய திரை எங்கள் ஒயரில்தான் ஓடியது. அதை நான் அணைத்துவிட்டேன். என் கையால்.

"தம்பி, எல்லாம் போச்சு தம்பி" என்று போனில் கத்தினேன். பதில் இல்லை. பார்த்தால் போன் கட்டாகியிருந்தது. திரும்ப அடித்தால் மணியே அடிக்கவில்லை.

செருகிய ஒயரைப் பிடுங்கினேன். பிடுங்கினால் எல்லாம் பழையபடி வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. லேப்டாப்பில் ஃபயர்வாலின் பக்கமும் திறக்க மறுத்தது. காது அடைத்துக்கொண்டது. மழைச் சத்தமா, ரத்தம் ஓடுகிற சத்தமா என்று தெரியவில்லை. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது ரொம்பத் தூரத்தில் கேட்டது.

மீதி இருந்த வழி பெட்டியை அணைத்துப் போடுவதுதான். அணைத்தால் திரும்ப எழுந்திருக்கலாம், எழுந்திருக்காமலும் போகலாம். வேறொரு ஊரில் இதே மாதிரிப் பெட்டி கரண்ட் போய் வந்ததில் அப்படியே செத்துவிட்டதென்று தம்பி ஒருதரம் கதை சொல்லியிருந்தான். அந்தக் கதையை ஏன் என்னிடம் சொன்னான் என்று அந்த நேரத்தில் அவன் மேல் கோபம் வந்தது.

எழுந்து மாடிக்கு ஓடினேன். படியில் அந்த மகள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "என்னாச்சும்மா? அத்தாவுக்கு என்னாச்சு?" என்றாள். பதில் சொல்லாமல் அவளைத் தாண்டிப் போனேன். டியூட்டி டாக்டர் ஐ.சி.யூ.வில் கறுத்த திரைக்கு முன்னால் நின்றார். நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது. "அணைச்சுப் போட்டுத்தான் பாக்கணும் டாக்டர். வரும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியல."

அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் குரல் உடையவில்லை. கீழேயிருந்து நர்ஸ்களைக் கூப்பிட்டு ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒருத்தியை நிறுத்தினார். "மானிட்டர விட்டுக் கண்ண எடுக்கக் கூடாது" என்றார். பிறகு என்னிடம், "ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நமக்கு நேரம் இருக்கு. போய்ப் பண்ணுங்க" என்றார்.

இறங்கிவந்து ஃபயர்வாலின் பின்பக்கம் கைவிட்டு சுவிட்சை அணைத்தேன். பெட்டியின் விளக்குகள் எல்லாம் செத்தன. மனசுக்குள் எண்ணினேன். எவ்வளவு எண்ணினேனோ, பாதியில் மறந்துவிட்டது. மறுபடி போட்டேன். சிவப்பாக ஒரே ஒரு விளக்கு வந்து நின்றது. அப்படியே நின்றது. எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை. தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டிருப்பேன். உள்ளே காற்றாடி உறுமியது. பிறகு ஒரு பச்சை. அப்புறம் இன்னொன்று. மாடியிலிருந்து நர்ஸ், "வந்துருச்சு மேடம்!" என்று கத்தினாள். நான் பெட்ஷீட் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதே நேரம் போன் அடித்தது. திருச்சித் தம்பி. "அக்கா, சிக்னல் போயிருச்சு. என்ன நடந்துச்சு?" சொன்னேன். அவன் சொன்னான்: "அந்த ரவுட்டருக்கு அடியில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதுல இருக்கற நம்பரப் படிங்க."

படித்தேன்.

"அட, நம்ம ஆஸ்பத்திரிக்குள்ள ஓடுறதும் அதே நம்பர்தான்க்கா. ஒரே தெருவுல ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு நம்பர் மாதிரி. எதை எங்க அனுப்புறதுன்னு தெரியாம பெட்டி குழம்பிருச்சு. அதுக்கு வேற நம்பர் குடுத்துட்டுச் சொருகுனா சரியாயிரும்."

மறுபடியும் செருக வேண்டும். இப்போதுதான் உயிர் வந்த பெட்டியில், அதே ஒயரை, அதே துளையில். என்னால் முடியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த நேரத்தில் தலைக்கு மேலே, படியில், அந்த மகளின் குரல் கேட்டது. டியூட்டி டாக்டரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"சவூதில என் அண்ணி நர்ஸா இருக்காங்க. அவங்க சொல்றாங்க, ஊசி ஒண்ணு இருக்காம், ஒடனே போட்டா கையி காலு வந்துருமாம். போட்ருங்கம்மா. ஏன் போட மாட்டேங்குறீங்க? எங்க வேணும்னாலும் நான் கையெழுத்துப் போடுறேன்."

"ரிப்போர்ட் வராம போட முடியாதும்மா."

"எப்ப வரும்? வரும் வரும்னே சொல்றீங்களே!"

அந்தக் குரலுக்குப் பயந்துதான் நான் ரவுட்டர் பக்கம் திரும்பினேன்.

லேப்டாப்பை ரவுட்டரில் மட்டும் சேர்த்து, அதன் பக்கத்தைத் திறந்து, தம்பி சொன்னபடி நம்பரை மாற்றினேன். ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டு தடவை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு மாடிக்குக் குரல் கொடுத்தேன்: "மறுபடி சொருகப் போறேன் டாக்டர்!" நர்ஸ்கள் கட்டிலோரம் நின்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு செருகினேன். யாராவது கத்துவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். யாரும் கத்தவில்லை. லேப்டாப்பில் இரண்டாவது லைனுக்கு நேரே பச்சை வந்தது. நெட் வந்துவிட்டது.

டெக்னீஷியன் அண்ணன் ஸ்கேன் ரூமிலிருந்து எட்டிப் பார்த்துக் கையை விரித்தார். "போகலையே மேடம்."

பாதையின் மதுரை முனை எங்கள் பழைய லைனை மட்டும்தான் அடையாளம் வைத்திருக்கிறது என்றான் தம்பி. புது லைனில் போய் நின்றால் யாரோ என்று கதவைத் திறக்கவில்லை. மதுரை டாக்டருக்கே போன் போட்டு, எனக்குப் புரிந்த அரைகுறையில் சொன்னேன். "எனக்கு அது தெரியாதும்மா, எங்க ஆள் கிட்ட குடுக்குறேன்" என்றார். அந்த ஆளிடம் திருச்சித் தம்பியின் நம்பரைக் கொடுத்து, இரண்டு பேரையும் பேச வைத்துவிட்டு நான் காத்திருந்தேன். அந்த நேரம்தான் கொடுமை. செய்ய ஒன்றுமில்லை. வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஓட்டிவந்தவர் மழைக்கோட்டோடு உள்ளே வந்து, "தஞ்சாவூரா, ஏத்தலாமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் டியூட்டி டாக்டர்.

ஸ்கேன் ரூமிலிருந்து அண்ணன் கத்தினார். "போகுது! மேடம், போகுது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையின் ஓரத்தில் படங்களின் எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருதரம் நின்று, எங்கள் மூச்சையும் நிறுத்தி, மறுபடி நகர்ந்தது. கடைசிப் படமும் போனது. மதுரை டாக்டர் லைனிலேயே இருந்தார். டியூட்டி டாக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டார். மௌஸ் சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஊசி போட்டுட்டீங்களா?" என்று மதுரை டாக்டர் கேட்டார். குரலில் ஒரு அவசரம்.

"இல்ல சார்."

"போடாதீங்க. ஆழத்துல சின்னதா ரத்தக் கசிவு இருக்கு. நீங்க சந்தேகப்பட்ட எடம்தான். பிரஷரக் குறைச்சு ஒடனே அனுப்புங்க. போட்டிருந்தா ஆள் இல்ல."

டியூட்டி டாக்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கதவோரத்தில் அந்த மகள் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் அவளிடம் போய்த் தோளைத் தொட்டு, "வாங்கம்மா, கெளம்பணும்" என்றார். ஸ்ட்ரெச்சர் தள்ளப்பட்டது. ஆம்புலன்ஸ் மழைக்குள் போனது. நர்ஸ் ஒருத்தியின் செருப்பை மாட்டிக்கொண்டுதான் அந்தப் பெண் ஏறினாள்.

பயம் அதற்குப் பிறகுதான் எனக்கு முழுதாக வந்தது. கவுண்டரில் உட்கார்ந்து பில் போட முடியவில்லை. அந்த ஊசி, அந்தக் கறுத்த திரை, அந்தச் சிவப்பு விளக்கு, மூன்றும் மாறி மாறி வந்தன. சாயங்காலம் ஸ்கூட்டியை எடுக்கத் தைரியமில்லாமல் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன். மறுநாள் பழைய லைனை ஒட்டிவிட்டார்கள். எந்த லைன் அறுந்தாலும் இன்னொன்று எடுக்கிறதா என்று பார்க்கத் திருச்சித் தம்பி நேரில் வந்து ஒயரை உருவினான். அப்போது நான் அங்கே நிற்கவில்லை. மருந்துக்கடையில் போய் நின்றுகொண்டேன்.

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். தஞ்சாவூரில் கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பொங்கல் கழிந்து பிரஷர் பார்க்க எங்களிடமே வந்தார். கால் இழுத்துத்தான் நடந்தார், வலது கை இன்னும் சரியாக எழவில்லை. ஆனால் பேச்சு வந்திருந்தது. ஸ்பேனர் பிடிக்க இடது கையைப் பழக்கிக்கொண்டிருப்பதாக டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் அவராகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் பில் கட்ட என் கவுண்டருக்கு வந்தாள். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதான? அன்னைக்கு அழுதுக்கிட்டே படில மேலயும் கீழயும் ஓடுனீங்க. நான் கேக்கக் கேக்க நிக்காமப் போனீங்க."

"ஆமாம்மா."

"அத்தா மவுத்தாயிட்டாங்க, அதச் சொல்லப் பயந்துக்கிட்டு இவங்க ஓடுறாங்கன்னுதான் நெனச்சேன். டாக்டரம்மா வர்ற வரைக்கும் அந்தப் படில ஒக்காந்து அழுது முடிச்சிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. "எதுக்கும்மா அப்படி ஓடுனீங்க?"

லைன், ஃபயர்வால், கதவு நம்பர் என்று எதையாவது சொல்லியிருக்கலாம்.

"பயந்துதாம்மா ஓடுனேன்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். மீதிச் சில்லறையை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அத்தாவின் இடது கையைப் பிடித்து வாசல் படியில் மெதுவாக இறக்கிக் கூட்டிப்போனாள்.